ஈரோட்டு மஞ்சளும் எம்சிஎஃப்-7 செல்லும்: புற்றுநோய் லேபில் முதல் ஆறு மாதம்

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் பயோடெக்னாலஜியோ பயோகெமிஸ்ட்ரியோ முதுகலை படிக்கிற பிள்ளைகளிடம் பிராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டால், முக்கால்வாசிப் பேர் ‘ஆன்டிகேன்சர் ஆக்டிவிட்டி’ என்று முடிகிற ஒன்றைத்தான் எழுதிக்கொடுப்பார்கள். செடியின் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். நானும் அப்படி எழுதிக்கொடுத்து உள்ளே வந்தவள்தான்.

போன வருஷம் என் பக்கத்து பெஞ்சுக்கு ஈரோட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். முதல் நாளே மஞ்சப்பை நிறைய விரலி மஞ்சள். “ஏனுங்கக்கா, எங்க அப்புச்சி தோட்டத்து மஞ்சளுங்க. இதையே பண்ணிரலாங்களா?”

பண்ணலாம் என்றேன். எப்படிப் பண்ணுவது என்று அவளுக்கு ஆறு மாதமாகத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். செல் கல்ச்சரை இதுவரை தொட்டதே இல்லாதவர்களுக்காக எழுதியது. ஏற்கெனவே கை பழகியவர்கள் எம்டிடி (உயிருள்ள செல் எவ்வளவு என்று அளக்கிற சோதனை) பகுதிக்குத் தாவிவிடலாம்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

‘மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்துமா?’ என்பது ஆறு மாதத்தில் ஒரு மாணவி பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. ‘இந்தச் சாறு 48 மணி நேரத்தில் எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்றுநோய்) செல்களைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு தேவை? அதே அளவு புற்றுநோய் அல்லாத வீரோ செல்களை என்ன செய்கிறது?’ என்று கேட்டால் பதில் சொல்லலாம். செல்லின் பெயர், நேரம், அளவு, ஒப்பிட இன்னொரு செல். இந்த நான்கும் கேள்வியில் இல்லையென்றால் கைடிடம் போகாதீர்கள்.

2. செல்லைத் தெரிந்து எடுங்கள்

செல் லைன் என்பது எப்போதோ ஒரு நோயாளியின் உடலிலிருந்து எடுத்து, பாட்டிலில் வளர்ந்துகொண்டே இருக்கிற செல்களின் வம்சம். முதல் மனித செல் லைனான ஹீலா, 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணுடையது. ஆராய்ச்சிக்காக எடுக்கிறோம் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதே வருஷம் அவர் இறந்துபோனார். செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஓடுகின்றன. நாளைக்கு நீங்கள் ஏதாவது ஆஸ்பத்திரியிலிருந்து கட்டித் துண்டு வாங்கி வேலை செய்வதாக இருந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் கையெழுத்தும் எதற்காக என்பது இந்தக் கதையிலேயே இருக்கிறது. செல் லைனோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு நடைமுறை லேசு. எலிக்குப் போனால் விலங்கு நெறிமுறைக் குழு, அதற்கே சில மாதம் போய்விடும். ஆறு மாதப் பிராஜெக்டில் எலியை நினைக்கவே வேண்டாம்.

நம் பக்கத்தில் செல்லை முறைப்படி வாங்குகிற இடம் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம். பக்கத்து லேபில் ‘கொஞ்சம் கொடுங்க’ என்று வாங்குவது பழக்கமாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஹீலா அசுர வேகத்தில் வளர்கிற செல். ஒரு துளி தெறித்து வேறு பாட்டிலில் விழுந்தால் சில வாரத்தில் அந்தப் பாட்டிலே அதுதான். வேறு வேறு பெயரில் புழங்கிய பல செல்கள் உண்மையில் ஹீலாதான் என்று 1966இலேயே ஸ்டான்லி கார்ட்லர் காட்டிவிட்டார். எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை வருஷக்கணக்காக மார்பகப் புற்றுநோய் என்று நம்பி வேலை செய்தார்கள். கடைசியில் பார்த்தால் அது தோலில் வருகிற மெலனோமா. கூடவே எஸ்டிஆர் பரிசோதனைச் சான்று (செல்லின் டிஎன்ஏ அடையாளச் சீட்டு) வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தச் செல்லை எடுப்பது? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சாறு பி53 (புற்றுநோயைத் தடுக்கிற புரதம்) வழியாக வேலை செய்கிறது என்று காட்ட ஆசைப்பட்டு ஹீலாவை எடுப்பார்கள். ஹீலாவுக்குள் எச்பிவி-18 வைரஸின் மரபணு உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து வரும் ஈ6 புரதம் பி53ஐச் சிதைத்துக்கொண்டே இருக்கும். பி53க்கு எம்சிஎஃப்-7 நல்ல செல். ஆனால் அதிலும் ஒரு குழி உண்டு: எம்சிஎஃப்-7இல் காஸ்பேஸ்-3 (செல் தற்கொலையை நடத்துகிற நொதி) கிடையாது. மரபணுவிலேயே ஒரு துண்டு போய்விட்டது. செல் தற்கொலையைக் காட்ட காஸ்பேஸ்-3 கிட் வாங்கி, எம்சிஎஃப்-7இல் போட்டு, ஒன்றும் வரவில்லையே என்று ஒரு மாதம் உட்கார்ந்திருந்த ஆள் எனக்குத் தெரியும். (கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.)

3. கை பழகட்டும்

முதல் வாரம் செல்லே வேண்டாம். ஆன்டிபயாடிக் சேர்க்காத மீடியாவை (செல்லுக்கான திரவ உணவு) ஹூடுக்குள் (சுத்தக் காற்றுப் பெட்டி) வைத்து நாலைந்து ஃபிளாஸ்க்கில் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். 37 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் கை தேறிவிட்டது. கலங்கினால் மறுபடியும் செய்யுங்கள். மீடியா கெடுவதைப் பார்க்காத கொங்கு நாட்டுக்காரர் இருக்க முடியாது. விடிகாலையில் இறக்கிய தெளுவு மதியத்துக்குள் புளித்துக் கள்ளாவது போலத்தான். அதே ஈஸ்ட், அதே நுரை.

மீடியாவுக்குள் ஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கும். நல்ல நிலையில் சிவப்பு. செல்கள் நிறைந்து அமிலம் ஏறினால் ஆரஞ்சாகி மஞ்சளாகும். நேற்று சிவப்பாக இருந்து இன்று காலை மஞ்சளாகிக் கலங்கியும் இருந்தால் பாக்டீரியா. அந்த ஃபிளாஸ்க்கை ஆராய்ந்துகொண்டிருக்காமல் பிளீச் கரைசல் ஊற்றிக் கொன்றுவிடுங்கள். கத்தரிப்பூ நிறத்துக்குப் போனால் காரம் ஏறியிருக்கிறது, சிலிண்டரைப் பாருங்கள். மீடியாவிலுள்ள பைகார்பனேட்டும் இன்குபேட்டருக்குள் வருகிற 5 சதவீத கார்பன் டை ஆக்ஸைடும் சேர்ந்துதான் பிஎச்சை 7.4க்குப் பக்கத்தில் பிடித்து வைக்கின்றன. ஒரு பொங்கல் லீவில் எங்கள் சிலிண்டர் தீர்ந்துபோய், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வந்து பார்த்தால் எல்லா ஃபிளாஸ்க்கும் ஒரே கத்தரிப்பூ. நீண்ட விடுமுறைக்கு முன் அளவுமானியைப் பார்ப்பது யார் வேலை என்று சுவரில் எழுதி ஒட்டியது அதற்கப்புறம்தான்.

ஹூடைப் பற்றி ஒன்று. சாதா லாமினார் ஃப்ளோவில் காற்று உங்கள் முகத்தை நோக்கி வரும். செடி திசு வளர்ப்புக்கு அது போதும். மனித செல்லுக்குக் காற்றை உள்ளேயே வடிகட்டுகிற இரண்டாம் வகை பயோசேஃப்டி கேபினெட்தான் வேண்டும். இரண்டையும் ‘ஹூடு’ என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது.

துடைக்க 70 சதவீத ஆல்கஹால். நூறு சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் கொஞ்சம் இருந்தால்தான் நுண்ணுயிரின் புரதம் சரியாகத் திரியும். அதோடு சுத்த ஆல்கஹால் வேலை முடிவதற்குள் ஆவியாகிவிடும். தண்ணீர் விஷயத்தில் இன்னொன்று: சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசியோ இருக்கட்டும், பஃபர் கரைக்க 18.2 மெகாஓம் தண்ணீர்தான்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது பூஞ்சைத் தொல்லை கூடுகிறது. இது என் நோட்டுப் புத்தகக் கணக்கு, ஆராய்ச்சி முடிவல்ல. அந்த நாட்களில் கல்ச்சர் அறைக்கு முன் உள்ள ஜன்னலையும் சாத்தி வைக்கிறேன். காலையில் பால் கறந்த சட்டையோடும் மாவாட்டிய கையோடும் நேராக ஹூடுக்கு வராதீர்கள்.

கண்ணுக்குத் தெரிகிற பாக்டீரியாவைவிட மோசமானது மைக்கோபிளாஸ்மா. செல் சுவரே இல்லாத ஜீவன், அதனால் பெனிசிலின் பலிக்காது. மீடியா கலங்காது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. செல்கள் கொஞ்சம் மந்தமாக வளரும், அவ்வளவுதான். உங்கள் ரீடிங் மட்டும் எல்லாம் பொய்யாகிக்கொண்டே போகும். புதுச் செல் வந்ததும் ஒரு முறையும், அப்புறம் மாதம் ஒரு முறையும் பிசிஆர் செய்து பாருங்கள்.

பாஸேஜ் செய்வது, அதாவது வளர்ந்த செல்லைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றுவது, எழுதினால் நாலு வரிதான். ஃபிளாஸ்க்கின் தரை 70, 80 சதவீதம் மூடியதும் மீடியாவை உறிஞ்சி எடுங்கள். பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் செல்லைப் பிரித்தெடுக்கிற டிரிப்சின்-ஈடிடிஏ ஊற்றி இரண்டு மூன்று நிமிடம். செல்கள் உருண்டு மிதப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் சீரம் கலந்த மீடியா ஊற்றி நிறுத்துங்கள். புதியவர்கள் பிபிஎஸ் கழுவலைத் தாண்டிவிட்டு, ‘டிரிப்சின் வேலை செய்யலைங்க’ என்பார்கள். மிச்சமிருக்கும் சீரம்தான் டிரிப்சினை அடக்கிவிடுகிறது. அப்புறம் பொறுமையில்லாமல் ஃபிளாஸ்க்கைத் தட்டுவார்கள். தட்டினால் செல் கொத்துக் கொத்தாக வரும், எண்ண முடியாது.

4. எண்ணுங்கள்

டிரிப்பன் புளூ ஒரு துணிச்சாயக் குடும்பத்துப் பொருள்தான். திருப்பூர் சாயப்பட்டறைக்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், உயிருள்ள செல் சாயத்தை ஏற்காது, செத்த செல் ஊறிப்போய் நீலமாகும். செல் கரைசலும் சாயமும் சம அளவு கலந்து நியூபாவர் அறையில் (செல் எண்ணுகிற கட்டம் போட்ட கண்ணாடி) விடுங்கள். நான்கு மூலைக் கட்டங்களில் நீலமாகாதவற்றை எண்ணி, சராசரி எடுத்து, 2ஆல் பெருக்கி, பிறகு 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லியில் எத்தனை உயிருள்ள செல் என்று வரும். சாயத்தைச் சேர்த்து ரொம்ப நேரம் விட்டால் உயிருள்ளதும் நீலமாகத் தொடங்கும். ஐந்து நிமிடத்துக்குள் எண்ணி முடியுங்கள். உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்று பரிசோதனை போடாதீர்கள்.

5. எம்டிடி: எல்லோரும் செய்வது, பாதிப் பேர் தவறாகச் செய்வது

டிம் மோஸ்மான் 1983இல் வெளியிட்ட முறை. எம்டிடி ஒரு மஞ்சள் உப்பு. உயிருள்ள செல்லின் நொதிகள் அதை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். ஊதா அடர்த்தியாக இருந்தால் உயிருள்ள செல் நிறைய என்று கணக்கு.

96 குழிப் பிளேட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல், 100 மைக்ரோலிட்டரில். ஓரத்துக் குழிகளில் மீடியா ஆவியாகிக் கணக்கு கெடும். அந்த 36 குழிகளிலும் பிபிஎஸ் ஊற்றிவிட்டு நடுவில் உள்ள 60 குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள். ‘பிளேட் வீணாகுதுங்களே’ என்று மனசு அடித்துக்கொள்ளும். பரவாயில்லை. ஒரு நாள் செல்கள் ஒட்டட்டும். அடுத்த நாள் சாற்றைக் குறைந்தது ஆறு அளவுகளில், ஒவ்வொன்றும் மூன்று குழியில் போடுங்கள். 48 மணி நேரம் கழித்து எம்டிடி, இறுதி அளவு மில்லிக்கு 0.5 மி.கி. மூன்று நாலு மணி நேரம் இருட்டில். மேலே உள்ளதை மெதுவாக எடுத்துவிட்டு, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான். ஊதா ஊசிகள் கரைந்ததும் 570 நானோமீட்டரில் ரீடிங். எம்டிடியும் டிஎம்எஸ்ஓவும் சேர்ந்தால் தோல் வழியாக உள்ளே போகும், கையுறையைக் கழற்றாதீர்கள்.

இதுவரை எல்லா நோட்டிலும் இருக்கும். இல்லாதது இனிமேல்தான்.

என் முதுகலைப் பிராஜெக்ட் நெல்லிக்காய். முதல் பிளேட் ரீடிங்கில், சாறு கூடக் கூட உயிருள்ள செல் 130 சதவீதம் என்று வந்தது. நெல்லிக்காய் புற்றுநோய் செல்லை வளர்க்கிறது என்று பயந்துபோய் ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. நடந்தது என்னவென்றால், நெல்லியில் இருக்கிற வைட்டமின் சியும் பாலிஃபீனால்களும் செல்லே இல்லாமல் தாங்களாகவே எம்டிடியை ஊதாவாக்கிவிட்டன. அன்றிலிருந்து நான் போடுகிற ஒவ்வொரு பிளேட்டிலும் மூன்று குழி ‘செல் இல்லாத குழி’: சாறும் மீடியாவும் எம்டிடியும் மட்டும். அது ஊதாவானால் அந்தச் சாற்றுக்கு எம்டிடி உதவாது. எஸ்ஆர்பி போன்ற வேறு முறைக்குப் போங்கள். எஸ்ஆர்பி செல்லின் புரதத்தில் ஒட்டுகிற இளஞ்சிவப்புச் சாயம், சாற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் அதை ஒன்றும் செய்யாது.

சாற்றை டிஎம்எஸ்ஓவில் கரைத்தால், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழிகளும் வேண்டும். குழிக்குள் அது 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 0.1க்குள் இருந்தால் நிம்மதி. நிச்சயமாகக் கொல்லும் என்று தெரிந்த மருந்து ஒன்றும் இருக்க வேண்டும். டாக்ஸோரூபிசின் போடலாம். சிஸ்பிளாட்டின் போடுகிறவர்கள் அதை டிஎம்எஸ்ஓவில் கரைக்காதீர்கள். டிஎம்எஸ்ஓ பிளாட்டினத்தோடு போய் ஒட்டி மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். உப்புக் கரைசலில்தான் கரைக்க வேண்டும். இந்த ஒரு தவறு அச்சான கட்டுரைகளிலேயே நிறைய இருக்கிறது.

ஒரே பிளேட்டில் மூன்று குழி என்பது மூன்று பரிசோதனை ஆகாது. வேறு வேறு நாள், வேறு வேறு பாஸேஜ் செல்லில் மூன்று முறை செய்தால்தான் மூன்று.

6. ஐசி50 வந்துவிட்டது, அப்புறம்?

பாதி செல்லை நிறுத்துகிற அளவுதான் ஐசி50. மில்லிக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் வந்தால் அந்தச் சாற்றில் தேடிப் பார்க்க ஏதோ இருக்கிறது. 400, 500 வந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள். பிளீச்சிங் பவுடரும் புற்றுநோய் செல்லைக் கொல்லும். அதனால்தான் ஒப்பிட இன்னொரு செல். வீரோ ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகச் செல். மார்பகச் செல்லுக்கு அது கச்சிதமான ஜோடி அல்ல, கையில் கிடைப்பது அதுதான் என்பதால் போடுகிறோம். அதை ஆய்வேட்டில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஈரோட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் மஞ்சளில் இருக்கிற குர்குமினுக்கு லேபில் வேறொரு பெயர் இருக்கிறது: எந்தப் பரிசோதனையில் போட்டாலும் ‘வேலை செய்கிறது’ என்று காட்டுகிற ஏமாற்றுப் பொருள். தானே நிறம், தானே ஒளிரும், புரதங்களில் கண்டபடி ஒட்டும், மீடியாவில் சீக்கிரம் சிதையும். பாத்திரத்தில் செல்லைக் கொல்லப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலாருக்கு மேல் தேவைப்படுகிறது. 2001இல் தைவானில் வெளியான ஆய்வில் தினம் 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில்கூட அது 2 மைக்ரோமோலாரை எட்டவில்லை. 120க்கு மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், போலி மருந்தோடு இருபக்கமும் மறைத்து (யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல்) ஒப்பிட்ட எதிலும் வெற்றி கிடைக்கவில்லை என்று 2017இல் மருந்து வேதியியலாளர்கள் கணக்கெடுத்து எழுதினார்கள்.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிற அதே செடிதான், வின்பிளாஸ்டினையும் வின்கிரிஸ்டினையும் கொடுத்தது. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வேண்டாத விளைவைப் பிடித்துக்கொண்டு போய் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். பசிபிக் யூ மரப்பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதிலிருந்து பாக்லிடாக்சல் மருந்தாக அனுமதி பெற்றது 1992இல். முப்பது வருஷம். ஊரில் யாராவது உங்கள் சாற்றைக் கேட்டு போன் செய்தால் (செய்வார்கள், எனக்கு மூன்று முறை வந்திருக்கிறது) டாக்டர் கொடுக்கிற மருந்தை நிறுத்த வேண்டாம் என்பதை முதலில் சொல்லுங்கள், இந்தக் கணக்கெல்லாம் அப்புறம்.

7. உறைய வையுங்கள்

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். செல் வந்த இரண்டாவது பாஸேஜிலேயே ஐந்தாறு வயல் (சின்னக் குப்பி) உறைய வைத்துவிடுங்கள். சீரத்தில் 10 சதவீத டிஎம்எஸ்ஓ, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக இறக்கம், பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட வைத்திருப்பார்களே, அதே கேன்தான். எடுக்கும்போது தலைகீழ்: 37 டிகிரி தண்ணீரில் இரண்டு நிமிடத்துக்குள் உருக்கிவிட வேண்டும். வயலுக்குள் நைட்ரஜன் புகுந்திருந்தால் வெளியே எடுத்ததும் வெடிக்கும். முகக் கவசம் இல்லாமல் கேனைத் திறக்காதீர்கள், கதவைச் சாத்திக்கொண்டும் திறக்காதீர்கள். வயலில் செல் பெயர், பாஸேஜ் எண், தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து.

ஈரோட்டுப் பெண்ணின் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவளுடைய செல் இல்லாத குழிகள் லேசான ஊதாவாகின. எம்டிடியை விட்டுவிட்டு எஸ்ஆர்பி போட்டாள். மூன்று முறை. எம்சிஎஃப்-7இல் ஓரளவு நல்ல ஐசி50 வந்தது, அன்று லேபுக்கே டீ வாங்கிக்கொடுத்தாள். அடுத்த வாரம் வீரோ பிளேட்டை ரீடரிலிருந்து எடுத்துக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்தாள். வீரோவும் ஏறக்குறைய அதே அளவில் செத்திருந்தது. “ஏனுங்கக்கா, இதையும் போடணுங்களா?” போடணும் என்றேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், எம்சிஎஃப்-7 வரைபடத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் போட்டிருக்கிறாள்.